ராஜநாகம் ஒன்றல்ல, நான்கு: ஒரு மறுவகைப்பாட்டின் நிகழ்வு ஆய்வு

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் தென்படும் ராஜநாகமும் ஒடிசாவின் பிதர்கனிகா சதுப்புக்காட்டில் திரியும் ராஜநாகமும் 2024 அக்டோபர் வரை ஒரே அறிவியல் பெயரில் இருந்தன: ஒஃபியோஃபேகஸ் ஹன்னா. அந்த மாதம் 'யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் டாக்ஸானமி' இதழில் இந்திரனீல் தாஸ், பி. கௌரி சங்கர், எஸ்.ஆர். கணேஷ், வுல்ஃப்காங் வுஸ்டர் உள்ளிட்டோர் ஒரு திருத்தக் கட்டுரையை வெளியிட்டார்கள். அதன்படி ஒடிசாப் பாம்புக்கு மட்டுமே ஹன்னா என்ற பெயர் நிலைக்கிறது. வால்பாறைப் பாம்பு இப்போது ஒஃபியோஃபேகஸ் காளிங்கா. மலேசியா, இந்தோனேசியாப் பக்கத்துப் பாம்புக்கு பங்காரஸ் என்ற பழைய பெயர் திரும்ப வந்தது. பிலிப்பைன்ஸின் லூசான் தீவுப் பாம்பு சல்வதானா ஆனது. 188 ஆண்டுகள் ஒரே சிற்றினமாக இருந்தது நான்காகிவிட்டது.

இந்தப் பிரிப்பு எந்தச் சான்றின் மேல் நிற்கிறது, அதில் எது உறுதி, எது இன்னும் தளர்வு, பாம்பு மீட்பவருக்கும் மருத்துவருக்கும் வனத்துறைக்கும் நடைமுறையில் எது மாறுகிறது என்பதைப் பார்ப்போம். பெயர் மாறியதுமே விஷமுறிவு மருந்தும் மாற வேண்டும் என்று பரவலாகப் பேசப்படுகிறது. அது பாதிதான் சரி. அந்தப் பாதி எது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம்.

பழைய பெயர் வந்த வழி

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் தியோடர் கேன்டர், 1836-இல் சுந்தரவனத்திலும் கல்கத்தாவை ஒட்டிய பகுதியிலும் கிடைத்த பாம்புகளை வைத்து ஹமட்ரையஸ் ஹன்னா என்று பெயரிட்டார். படமெடுக்கும் பாம்புதான், ஆனால் நச்சுப்பல்லுக்குப் பின்னால் மேல்தாடையில் சிறு பற்களும் இருக்கின்றன என்பது அவர் கண்ணில் பட்ட வேறுபாடு. ஹமட்ரையஸ் என்ற பேரினப் பெயர் நிலைக்கவில்லை. 1806-இலேயே ஹூப்னர் அதை ஒரு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தார். விலங்குப் பெயரிடல் விதிப்படி ஒரு பேரினப் பெயர் விலங்குலகம் முழுமைக்கும் ஒரே ஒரு முறைதான். 1864-இல் குந்தர் உருவாக்கிய ஒஃபியோஃபேகஸ், அதாவது பாம்புண்ணி, பிற்காலத்தில் அந்த இடத்தைப் பிடித்தது. விதி பறித்துக்கொண்ட பழைய பெயரை, மாமல்லபுரம் அருகே முதலைப் பண்ணை நடத்தும் அறக்கட்டளை தன் ஊர்வன ஆய்விதழுக்கு 'ஹமட்ரையட்' என்று சூட்டி உயிரோடு வைத்தது தனி வேடிக்கை.

கேன்டருக்கு அடுத்த ஆண்டே, 1837-இல், லெய்டன் அருங்காட்சியகத்தின் ஷ்லேகல் ஜாவாப் பாம்புக்கு நாஜா பங்காரஸ் என்று பெயர் வைத்தார். பிறகு வந்தவர்கள் இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டி, மூத்த பெயரான ஹன்னாவின் கீழ் மற்ற எல்லாப் பெயர்களையும் மடித்து வைத்தார்கள்.

அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாம்பு வகைப்பாட்டில் முதல் கருவி செதில் எண்ணிக்கை. ராஜநாகத்தில் அந்தக் கருவி கைகொடுப்பதில்லை. உடல் நடுவில் முதுகுச் செதில் 15 வரிசை. அது கர்நாடகத்தின் அகும்பேயிலும் 15, அருணாசலத்திலும் 15, போர்னியோவிலும் 15. உச்சந்தலைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பெரிய பிடரிச் செதில்கள் ராஜநாகத்தை நல்ல பாம்பிலிருந்து பிரிக்க உதவும், ராஜநாகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க உதவாது. வால் அடிச் செதில்களில் முன்பகுதி முழுதாகவும் பின்பகுதி பிளந்தும் இருக்கும் முறையும் எல்லோருக்கும் பொது.

மிஞ்சுவது நிறமும் பட்டையும். அருங்காட்சியக ஜாடியில் முதலில் அழிவது அதுதான். ஃபார்மலினில் பதப்படுத்தி ஆல்கஹாலில் போட்ட பாம்பில் மஞ்சள் சில ஆண்டுகளில் வெளிறிச் சாம்பலாகிவிடும். ஆலிவ் பழுப்பாகும், கறுப்பு மட்டும் ஓரளவு தங்கும். போதாக்குறைக்கு, நான்கு மீட்டர் பாம்பை முழுதாக ஜாடியில் அடைப்பது பெரும்பாடு. பழைய சேகரிப்பாளர்கள் பல நேரம் தலையையும் தோலையும் மட்டும் அனுப்பினார்கள். கழுத்துக்கும் கழிவாய்க்கும் இடையே எத்தனை பட்டை என்று எண்ண வேண்டியவருக்குத் தலை மட்டும் கிடைத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. 'இந்தியா' என்று ஒற்றைச் சொல் எழுதிய சீட்டு இருந்தால் அதைவிட மோசம். இரண்டு சிற்றினங்கள் வாழும் நாட்டில் அந்த மாதிரி எதற்கும் பயன்படாது.

2021: மரபணு சொன்னது

பிரிவுக்கான வலுவான முதல் ஆதாரம் 2021-இல் 'மாலிக்யுலர் ஃபைலோஜெனெடிக்ஸ் அண்ட் எவல்யூஷன்' இதழில் வந்தது. கௌரி சங்கர் முதலாசிரியர். கார்த்திக் சங்கர், சுஷில் தத்தா, வுஸ்டர் உள்ளிட்டோர் உடனாசிரியர்கள். பரவல் எல்லை நெடுகிலும் இருந்து மாதிரிகள் எடுத்து, மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையும் உட்கரு மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். நான்கு கிளைகள் தெளிவாகப் பிரிந்தன: மேற்குத் தொடர்ச்சி மலை, இந்தோ-சீனம், இந்தோ-மலாயா, லூசான். கிளைகளுக்கு இடையிலான மரபணு இடைவெளி ஏறத்தாழ 1 முதல் 4 விழுக்காடு.

இந்த எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு வாதிடுவதில் பயனில்லை. 'இத்தனை விழுக்காடு தாண்டினால் தனிச் சிற்றினம்' என்று எல்லாப் பாம்புக்கும் பொருந்தும் கோடு கிடையாது. வேறு பாம்புகளில் ஒரே சிற்றினத்துக்குள் 4 விழுக்காடு இருப்பதும் உண்டு, இரண்டு நல்ல சிற்றினங்களுக்கு இடையில் 2 இருப்பதும் உண்டு. ஆகவே கேட்க வேண்டியது வேறு: ஒன்றோடொன்று தொடர்பில்லாத சான்றுகள் ஒரே இடத்தில் கோடு போடுகின்றனவா?

மைட்டோகாண்ட்ரியா தாய் வழி மட்டுமே வரும். பெண் பாம்பு பிறந்த இடத்தை ஒட்டியே வாழ்ந்து, ஆண் தொலைவு சுற்றி இணை சேர்ந்தால், தாய் வழி மரத்தில் ஆழமான பிளவு தெரியும். உண்மையில் ஆண்கள் வழியாக மரபணுக்கள் கலந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இருபெற்றோர் வழியும் வரும் உட்கரு மரபணு தேவை. அது மெதுவாக மாறுவது, அதில் பிளவு காண்பது கடினம். அங்கும் கோடு தெரிந்தால் நம்பலாம். மூன்றாவது சான்று உருவம். மூன்றும் ஒத்துவந்த இடத்தில்தான் அந்தக் குழு கோடு போட்டது. அப்போதும் அவர்கள் புதுப் பெயர் வைக்கவில்லை.

இத்தகைய ஆய்வு சறுக்கும் இடங்கள் சில. முதல் சறுக்கல் மாதிரியிலேயே. ராஜநாகத் திசு கிடைப்பது பெரும்பாலும் சாலையில் அடிபட்ட உடல், உதிர்த்த சட்டை, மீட்பின்போது வெட்டும் வயிற்றுச் செதில் நுனி ஆகியவற்றிலிருந்துதான். திசுவை 95 விழுக்காடு எத்தனாலில், திசு ஒரு பங்கென்றால் எத்தனால் பத்துப் பங்காகப் போட்டு, ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் திசுவின் நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும், டி.என்.ஏ துண்டு துண்டாகும். பிரித்தெடுக்கும் கிட்டுக்கு 20-25 மில்லிகிராம் போதும். அள்ளிப் போட்டால் வடிகட்டி அடைத்துக்கொண்டு விளைச்சல் குறையும். சட்டையைப் பாலித்தீன் பையில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்து, ஒரு வாரத்தில் பூஞ்சையின் டி.என்.ஏ தான் மிஞ்சும். காகித உறையில் உலர வைப்பதே வழி. ஃபார்மலினில் ஊறிய பழைய மாதிரியிலிருந்து வழக்கமான முறையில் டி.என்.ஏ எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். மரபணு ஆய்வும் அருங்காட்சியக ஆய்வும் வெவ்வேறு உடல்கள் மேல் நடப்பதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது சறுக்கல் போலி மரபணு. மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் பரிணாமத்தில் உட்கருவுக்குள் குடியேறி, பயனற்ற நகலாகக் கிடக்கும். டி.என்.ஏ-வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் சில நேரம் அசலுக்குப் பதில் அந்த நகலைப் பெருக்கிவிடும். வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை முகடு, புரதம் எழுதும் மரபணுவின் நடுவில் எதிர்பாராத நிறுத்தக் குறி ஆகியவை அதன் அடையாளம். கவனிக்காமல் மரத்தில் சேர்த்தால், இல்லாத ஒரு சிற்றினம் முளைக்கும்.

மூன்றாவதுதான் பெரியது: மாதிரிகளுக்கு இடையிலான வெற்றிடம். எந்த உயிரினத்திலும் தொலைவு கூடக் கூட மரபணு வேறுபாடு மெல்லக் கூடும். இரு முனையில் மட்டும் மாதிரி எடுத்து நடுவைக் காலியாக விட்டால், அந்தச் சரிவு படிக்கட்டு போலத் தெரியும். சிற்றினங்களைத் தானாகப் பிரித்துக் காட்டும் கணினி நிரல்கள் இந்தப் படிக்கட்டைப் பார்த்து ஏமாறுவதில் பேர்போனவை. ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு சிற்றினம் என்று அள்ளித் தரும். நிரல் தருவது வேட்பாளர் பட்டியல் மட்டுமே, தேர்வு வேறு சான்றால் நடக்க வேண்டும்.

இந்த மூன்றாவது சோதனையில் நான்கும் ஒரே மதிப்பெண் பெறவில்லை என்பது எங்கள் கணிப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக் கிளை மிக உறுதியானது. அதற்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வட ஆந்திர, ஒடிசாப் பாம்புகளுக்கும் நடுவே வறண்ட தக்காணம் கிடக்கிறது. மழைக்காடும் ஈரப் புதரும் வேண்டும் இந்தப் பாம்பு அதைக் கடப்பதில்லை. நடுவில் மாதிரி இல்லாததற்குக் காரணம், நடுவில் பாம்பே இல்லை. லூசான் தீவும் கடலால் தனித்தது. உண்மையான கேள்வி தாய்லாந்து தீபகற்பத்தில். அங்கே ஹன்னா வடக்கிலிருந்தும் பங்காரஸ் தெற்கிலிருந்தும் நெருங்குகின்றன, நடுவில் கடலும் இல்லை, பாலையும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலப்பினம் பெருகுகிறதா, குறுகிய பட்டையில் நின்றுவிடுகிறதா என்பதே அந்த எல்லைக்கான இறுதிச் சோதனை. நெருக்கமாக எடுத்த மாதிரிகளும் பல ஆயிரம் உட்கருக் குறிகளும் அதற்கு வேண்டும்.

பெயர் வைக்க ஏன் மூன்று ஆண்டு?

நான்கு கிளை என்று 2021-இலேயே தெரிந்த பிறகு, 2024 வரை என்ன வேலை? கிளையைக் கண்டுபிடிப்பது உயிரியல், பெயரிடுவது ஏறக்குறைய பத்திரப்பதிவு. ஒரு கிளைக்குப் புதுப் பெயர் வைக்கும் முன், கடந்த 188 ஆண்டுகளில் யாராவது எப்போதாவது அந்தக் கிளைப் பாம்புக்கு வைத்த பெயர் கிடக்கிறதா என்று மூலையெல்லாம் தேட வேண்டும். கிடந்தால், எவ்வளவு மோசமான விவரிப்பானாலும், மூத்த பெயரே உரிமை பெறும்.

பெயர் சிற்றினத்தோடு ஒட்டியிருப்பதில்லை, மூல மாதிரியோடு, அதாவது முதலில் பெயரிட்டவர் வைத்திருந்த உடலோடு, ஒட்டியிருக்கிறது. கேன்டரின் பாம்புகள் வங்கத்தில் கிடைத்தவை, எனவே வங்கம் எந்தக் கிளையில் விழுகிறதோ அதற்கே ஹன்னா. ஷ்லேகலின் பாம்பு ஜாவாவினுடையது, ஆகவே சுண்டா கிளைக்கு, அதாவது இந்தோ-மலாயா கிளைக்கு, பங்காரஸ். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் லூசானுக்கும் பயன்படுத்தத் தக்க பழம்பெயர் இல்லாததால் இரண்டு புதுப் பெயர்கள் பிறந்தன. 'காளிங்கா' கன்னடத்தில் ராஜநாகத்தைக் குறிக்கும் காளிங்க சர்ப்பத்திலிருந்து வந்தது. 'சல்வதானா' லூசான் பக்கத்து நாட்டு வழக்கு. ஐரோப்பியப் புரவலர் பெயரைத் தேடாமல் ஊர்ச்சொல்லை எடுத்தது நல்ல தேர்வு. கன்னடத்துக்குக் கிடைத்த இடம் மலையாளத்தின் ராஜவெம்பாலாவுக்கும் கிடைத்திருக்கலாம் என்று கேரளத்தார் முணுமுணுத்தால் அதிலும் நியாயம் உண்டு.

இதற்காகப் பல நாட்டு அருங்காட்சியகங்களில் ஏறத்தாழ 150 மாதிரிகள் அளக்கப்பட்டன. பட்டை எண்ணிக்கை, பட்டையின் வடிவம், விளிம்பு நிறம், மேல்தாடைப் பற்கள், செதில்கள் என்று ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். ஒரே ஆள் எண்ணினால் நல்லது. இருவர் எண்ணினால் முதல் பட்டை கழுத்தில் எங்கே தொடங்குகிறது என்பதிலேயே வேறுபடுவார்கள். இணையத்தில் வெளியாகும் கட்டுரைக்கு, விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் கட்டாயம், 2012 முதல் அதுதான் விதி. பதிவு எண் கட்டுரைக்குள் இல்லாவிட்டால் பெயர் செல்லாது. இந்தியத் திசுவை ஆய்வுக்கு எடுக்க 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப, சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் கதவையும் தட்ட வேண்டும். பல குழுக்கள் திசுவை நாட்டுக்குள்ளேயே வரிசைப்படுத்தி, டி.என்.ஏ எழுத்துக்கோவையை மட்டும் பகிர்ந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்த்துப் பிரிப்பது எப்படி

வளர்ந்த பாம்பின் நடு உடலைப் பாருங்கள். வெளிர் பட்டையின் இரு ஓரத்திலும் கருங்கோடு இருந்தால் ஹன்னா. வெளிர் பட்டை உண்டு, ஆனால் கருவிளிம்பு இல்லை என்றால் காளிங்கா. பெரிய பாம்பாயிருந்தும் பட்டையே இல்லை, அல்லது கருவிளிம்போடு மெல்லிய வெளிர் கோடுகள் மட்டும் என்றால் பங்காரஸ். பட்டைகள் கூர்மையாக மடிந்து அம்புமுனை போல் நின்றால் சல்வதானா.

பரவல்: ஹன்னா மிக அகன்றது. பாகிஸ்தானின் கிழக்கு ஓரம் தொடங்கி, வட இந்தியா, கிழக்கு இந்தியா, வடகிழக்கு, மியான்மர், தென் சீனம், இந்தோ-சீனம், தாய்லாந்தின் நடுப்பகுதி வரை. அந்தமான் பாம்புகளும் இதில்தான் அடங்குகின்றன. அந்தமான் தீவுத்தொடர் மியான்மரின் அரக்கான் மலையின் நீட்சி என்பதால் அதில் வியப்பில்லை. பங்காரஸ் மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, ஜாவா, தென் பிலிப்பைன்ஸ். சல்வதானா லூசான் மட்டும். காளிங்கா மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. தமிழ்நாட்டில் களக்காடு-முண்டந்துறை, ஆனைமலை, கூடலூர்ப் பக்கம் காணும் ராஜநாகமெல்லாம் இதுவே. இலங்கையில் எந்த ராஜநாகமும் இல்லை. தென்மேற்கு இந்தியாவும் இலங்கையும் இத்தனை உயிரினங்களைப் பகிர்ந்துகொள்ளும்போது இந்தப் பாம்பு மட்டும் கடலைக் கடக்காதது ஏன் என்பது நல்ல ஆய்வுப் பொருள்.

நிறத்தை நம்புவதில் ஆபத்து உண்டு. குட்டிகள் எல்லாக் கிளையிலும் கறுப்பின் மேல் பளிச்சென்ற மஞ்சள் அல்லது வெள்ளைப் பட்டையோடு பிறக்கும். கறுப்பு உடலில் கருவிளிம்பைத் தேடுவது வீண். சட்டை உரிக்கப்போகும் பாம்பு மங்கிக் கிடக்கும், அப்போது விளிம்பு தெரியாது. கைப்பேசியின் ஃபிளாஷ் வெளிர் பட்டையை வெளுத்து விளிம்பைத் தின்றுவிடும். படமெடுத்து நிற்கும் பாம்பின் கழுத்துப் படம் பத்திரிகைக்கு அழகு, அடையாளத்துக்கு உதவாது. கழுத்துத் தோல் விரிந்து பட்டையின் வடிவமே மாறியிருக்கும். வேண்டியது நடு உடலின் பக்கவாட்டுப் படம் ஒன்று, முதுகின் மேலிருந்து ஒன்று, வாலில் ஒன்று. மூன்றும் நிழலில், ஃபிளாஷ் இல்லாமல். அதோடு இடத்தின் ஆயத்தொலைவு. காட்டில் பிடித்த பாம்புக்கு இடமே முதல் அடையாளம், நிறம் இரண்டாவதுதான். பாம்பாட்டியிடமோ கடத்தல்காரரிடமோ பறிமுதல் செய்த பாம்புக்கு இடத்தை நம்ப முடியாது, அங்கே திசு மாதிரிதான் தீர்ப்புச் சொல்லும்.

விஷமுறிவு மருந்து: எது மாறுகிறது, எது மாறவில்லை

இந்தியாவில் கிடைக்கும் ஏ.எஸ்.வி, அதாவது பாம்பு விஷமுறிவு மருந்து, நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராகத் தயாராவது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதற்கான விஷத்தில் பெரும்பங்கு, 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ராஜநாகம் அந்தப் பட்டியலில் எப்போதும் இருந்ததில்லை. எனவே ராஜநாகம் ஒன்றா நான்கா என்பது இந்திய ஏ.எஸ்.வி-யின் உள்ளடக்கத்தை மாற்றவில்லை. ராஜநாகத்துக்கென்று தனி மருந்து தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோபா நினைவு நிறுவனம் தயாரிக்கிறது. அது தாய்லாந்துப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்தது.

'சிற்றினம் வேறு, ஆகவே மருந்து வேலை செய்யாது' என்ற வாதம் இங்கேதான் தடுக்கி விழுகிறது. மலேசிய ஆய்வாளர்கள் 2020-இல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, சீனா ஆகிய இடங்களின் ராஜநாக விஷங்களைத் தாய்லாந்து மருந்தோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். அளவில் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் நான்கையும் மருந்து முறித்தது. இன்றைய பெயரில் சொன்னால், ஹன்னாவை வைத்துச் செய்த மருந்து பங்காரஸையும் கட்டுப்படுத்தியது. மறுபுறம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு காட்டியதைப் பாருங்கள். நல்ல பாம்பு என்ற ஒரே சிற்றினத்துக்குள்ளேயே வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் மாறுகிறது, ஒரு வட்டாரத்து விஷத்தால் செய்த மருந்து இன்னொரு வட்டாரத்தில் சோர்ந்துபோகிறது. ஆக, சிற்றின எல்லையும் மருந்தின் எல்லையும் ஒன்றல்ல. விஷம் உணவோடும் இடத்தோடும் தன் போக்கில் வேகமாக மாறும்.

அப்படியானால் பிரிப்பால் மருத்துவத்துக்கு என்ன பயன்? எங்கே சோதிக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. அந்த நான்கு விஷங்களில் மேற்குத் தொடர்ச்சி மலை விஷம் இல்லை. நீண்ட காலம் தனித்து நின்ற கிளை என்று தெரிந்த பிறகு, 'ராஜநாக விஷத்துக்குச் சோதித்தாயிற்று' என்று பொத்தாம்பொதுவாக எழுதி நகர முடியாது. காளிங்காவின் விஷம் தனியே பரிசோதிக்கப்பட வேண்டும், சோதிக்கும் வரை எந்த மருந்தும் அதற்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதே வழியில் முன்பு ஒருமுறை நடந்திருக்கிறது. ஆசிய நாகங்கள் முழுவதையும் 1980-கள் வரை நாஜா நாஜா என்ற ஒரே குடையின் கீழ் வைத்திருந்தார்கள். வுஸ்டரும் ராஜர் தோர்ப்பும் அதைப் பிரித்தபோது, ஒற்றைக்கண் நாகம், சயாம் துப்பும் நாகம், சீன நாகம், சுமத்ரா நாகம் என்று பல சிற்றினங்கள் வெளிவந்தன. வங்கத்திலும் அசாமிலும் கடிக்கும் ஒற்றைக்கண் நாகத்தின் விஷத்தை இந்திய ஏ.எஸ்.வி மோசமாகத்தான் முறிக்கிறது என்று 2019-இல் சோதனை உறுதி செய்தது. பிரித்தது வகைப்பாடு, ஆனால் அந்த முடிவைத் தந்தது சோதனை. இரண்டுக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ராஜநாகத்தில் அந்த இடைவெளி குறைய வேண்டும்.

மருத்துவமனையில் நிற்பவருக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு ஊர்களில் 'கருநாகம் கடித்தது' என்றால் பெரும்பாலும் கறுத்த நிற நல்ல பாம்புதான், ராஜநாகம் அல்ல. சமவெளிக்காரர் கருநாகம் என்றாலே ராஜநாகம் என்று எண்ணி, 'இதற்கு ஏ.எஸ்.வி கேட்காது' என்று ஊசியைத் தள்ளிப்போடுவது உயிருக்கே உலை. கடித்த ஊர் எது, மலையா சமவெளியா என்பதை முதலில் கேட்க வேண்டும். உண்மையான ராஜநாகக் கடியானால், ஒரே கடியில் இறங்கக்கூடிய விஷம் உலர் எடையில் பல நூறு மில்லிகிராம் இருக்கும். இமை தொங்குதல், விழுங்க முடியாமை, மூச்சுத் தசை செயலிழப்பு எல்லாம் வேகமாக வரும், கடிவாயில் கடும் வீக்கமும் உண்டு. செயற்கைச் சுவாசம் கிடைக்கும் இடத்துக்கு நேரத்தில் கொண்டுபோவதே அங்கே முதல் சிகிச்சை. அதற்கு நான்கில் எது கடித்தது என்று தெரிய வேண்டியதில்லை.

பழைய தரவும் புதிய பெயரும்

1836 முதல் 2024 வரை 'ஹன்னா' என்று எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் இப்போது இடத்தை வைத்துத் திரும்பப் படிக்க வேண்டியதாகிவிட்டது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2013-இல் வெளியான ராஜநாக மரபணுத்தொகை. அந்தப் பாம்பு இந்தோனேசியாவின் பாலித் தீவைச் சேர்ந்தது. அதாவது உலகம் 'ஹன்னாவின் மரபணுத்தொகை' என்று மேற்கோள் காட்டுவது உண்மையில் சுண்டா கிளையினுடையது. அகும்பேயில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 2005-இல் தொடங்கிய மழைக்காட்டு ஆய்வு நிலையத்திலிருந்து ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்த பாம்புகளெல்லாம் காளிங்கா. கூடு கட்டும் பருவம், நடமாட்டம், இரை என்று அங்கே சேர்ந்த தரவை அசாம் பாம்புக்கு அப்படியே பொருத்தக் கூடாது. குடிமக்கள் அறிவியல் தளங்களில் அருகிவரும் உயிரினங்களின் இருப்பிடத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டுகிறார்கள். இரு கிளைகள் நெருங்கும் பகுதியில் அந்தப் புள்ளிகளை வைத்து எல்லை வரைந்தால் வரைபடம் பொய் சொல்லும்.

சட்டப் பட்டியல்கள் இன்னும் பழைய பெயரையே தாங்கி நிற்கின்றன. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் ஹன்னா என்று இருப்பது, பதிவான காலத்தில் அந்தப் பெயரில் அடங்கிய எல்லா ராஜநாகங்களையும் குறிக்கும். ஆனால் பறிமுதல் மகஜரில் 'ஒஃபியோஃபேகஸ் காளிங்கா' என்று மட்டும் எழுதினால், 'அட்டவணையில் இந்தப் பெயரே இல்லை' என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்பார். பட்டியல்கள் திருத்தப்படும் வரை 'ராஜநாகம், ஒஃபியோஃபேகஸ் காளிங்கா, முன்பு ஒஃபியோஃபேகஸ் ஹன்னாவில் அடங்கியது' என்று முழுதாக எழுதுவது பாதுகாப்பு. அழிவு அபாய மதிப்பீட்டிலும் சிக்கல் உண்டு. பாகிஸ்தானிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரவிய ஒரு பாம்புக்குக் கொடுத்த 'பாதிக்கப்படக்கூடியது' என்ற தகுதியை, ஒரு மலைத்தொடருக்குள் அடங்கிவிட்ட பாம்புக்கு அப்படியே கொடுப்பது பொருந்தாது. லூசான் பாம்புக்கு அது இன்னும் குறைவாகவே பொருந்தும்.

மீட்புக்காரர்களுக்கு விதி எளிது. பிடித்த மலையிலேயே, பிடித்த இடத்துக்கு மிக அருகிலேயே விட வேண்டும். தொலைவில் விட்ட ராஜநாகம் பழகாத நிலத்தில் இலக்கில்லாமல் அலையும் என்பதை அகும்பேப் பின்தொடர்தல் முன்பே காட்டிவிட்டது. இப்போது கிளைக் கலப்பும் சேர்ந்துகொண்டது. பூங்காக்களில் இனப்பெருக்கத்துக்கு இணை சேர்க்கும்முன் இரண்டு பாம்பும் எந்த மாநிலத்திலிருந்து வந்தவை என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் இடம் இல்லையென்றால், உதிர்ந்த சட்டையில் விரல் நீளத் துண்டை வெட்டிக் காகித உறையிலிட்டு, தேதியும் பாம்பின் எண்ணும் பென்சிலால் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பேனா வேண்டாம், எத்தனால் பட்டால் மை கரைந்துவிடும்.